நாகரத்னா தோட்டத்தில் பூத்த என் ஐரிஸ்

கேட்டில் கை வைப்பதற்கு முன்பே பார்த்துவிட்டேன்.

ஆட்டோ கிளப்பிவிட்டுப் போன புழுதிகூட அடங்கவில்லை. என் வீட்டுக்காரர் இரண்டு கையிலும் பையோடு நிற்கிறார். காமாலை வந்து எழுந்த உடம்பு. ஒரு பையையாவது நான் வாங்கியிருக்க வேண்டும். வாங்கவில்லை. இடுப்பளவுச் சுவருக்கு அந்தப் பக்கம், நாகரத்னா வீட்டுத் தோட்டத்தில், வரிசையாக ஐரிஸ் பூத்திருந்தது. நல்ல கத்தரிப்பூ நிறம். கீழ் இதழில் மஞ்சள் தீற்றல்.

எங்கள் கேட்டில் ஓர் அட்டை தொங்கியது. கன்னடத்தில் பெரிய பெரிய எழுத்து: வீடு வாடகைக்கு.

அது நாங்கள் குடியிருக்கும் வீடு. மல்லேஸ்வரத்தில், ரயில்வே லைனை ஒட்டிய தெருவில், கல்யாணமான வருஷத்திலிருந்து வாடகை கொடுத்து இருக்கிற வீடு. இரண்டு மாசம் ஊரில் இருந்துவிட்டுச் சிவராத்திரிக்கு முன்னால் திரும்பி வந்திருக்கிறோம். உள்ளே எங்கள் கட்டில், எங்கள் பாத்திரம், என் வர்ணப் பெட்டி எல்லாம் இருக்கிறது. வெளியே வாடகைக்கு அட்டை. பக்கத்து வீட்டில் என் பூ.

"ஏன் நிக்கற? சாவியை எடு" என்றார் அவர்.

சாவி எந்தப் பையில் இருக்கிறது என்று எனக்கு மறந்தே போயிற்று.

பார்க்காத பூவுக்கு டீச்சர்

போன வாரம் நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, என்னிடம் படித்த ஒரு பெண் போன் செய்தாள். "டீச்சர், எல்லார் மேலயும் கோபமாவே எழுதறீங்களே" என்றாள். கோபமில்லாமல் எழுத வேறு ஆளைப் பார்க்கச் சொன்னேன். இந்த வாரம் இன்னும் மோசம், முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்.

நான் டிராயிங் டீச்சர் என்பது இந்தத் தொடரை முதலிலிருந்து படிப்பவர்களுக்குத் தெரியும். எங்கள் பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு ஒரு டிராயிங் புத்தகம். அதில் செம்பருத்தி இல்லை, சாமந்தி இல்லை. ஐரிஸ் இருந்தது. யாரோ சீமைப் புத்தகத்தைப் பார்த்துக் காப்பியடித்திருக்கிறான், வேறென்ன. மூன்று இதழ் நிமிர்ந்து நிற்கும், மூன்று இதழ் மடிந்து தொங்கும். வருஷா வருஷம் அதைக் கரும்பலகையில் போட்டு, "இப்படி வளைக்கணும், இங்கே ஷேடிங்" என்று சொல்லிக் கொடுத்தேன்.

ஒரு வாண்டு எழுந்து கேட்டது, "மிஸ், இதுக்கு வாசனை உண்டா?"

எனக்கெப்படித் தெரியும்? "உண்டு, உட்கார்" என்றேன். அன்று முழுக்க மனசு சரியில்லை. பார்க்காத பூவை வரையச் சொல்லிக் கொடுக்கிறோமே, இதெல்லாம் ஒரு பிழைப்பா என்று இருந்தது. எங்களுக்கு அப்போது குழந்தை இல்லை. சாயந்திரம் முழுக்க என் கையில் இருக்கும். சரி, அந்தப் பூவை நாமே வளர்த்து, எதிரே உட்கார்ந்து, பார்த்து ஒரு தடவை வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். வேறு ஆசை எதுவும் அந்த வருஷத்தில் எனக்கு இருந்ததாக நினைவில்லை.

லால்பாக்குக்கு வெளியே இருந்த நர்சரிகளில் கேட்டேன். டேலியா கிழங்கு இருக்கிறது, கிளாடியோலஸ் இருக்கிறது, ஐரிஸ் கிடையாது. மலைப்பக்கத்து நர்சரி ஒன்று தபாலில் அனுப்பும் என்று ஒருவர் விலாசம் கொடுத்தார். எழுதிப் போட்டேன். ஒரு மாசம் கழித்து, தபால்காரரிடம் பணம் கட்டி வாங்கும் வி.பி.பி.யில் சின்ன மரப்பெட்டி வந்தது. மரத்தூளுக்குள்ளே சாம்பார் வெங்காயம் மாதிரி கிழங்குகள். பழுப்பு நிறத்தில் நார்த்தோல்.

கூடவே ஒரு துண்டுக் காகிதம். சமவெளிக்காரர்கள் இந்தக் கிழங்கை நடுவதற்கு முன் ஏழெட்டு வாரம் ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், ஃப்ரீசரில் கூடாது, பழங்களோடு கூடாது. பனியில் கிடந்ததாக அதை ஏமாற்றினால்தான் பூக்கும். இல்லாவிட்டால் இலையோடு சரி.

எங்கள் வீட்டில் ஃபிரிட்ஜ் கிடையாது.

ஈருள்ளி நுழையாத வீடு

நாகரத்னா வீட்டில் இருந்தது.

அவள் என் வயசுதான். கணவர் பேங்க்கில் வேலை, பையன் ஹைஸ்கூலில். எனக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. அவளுக்குத் தமிழ் ஓரளவு புரியும், பேச வராது. அதனால் நாங்கள் பேசியதெல்லாம் கன்னடத்தில். இங்கே தமிழில் எழுதுகிறேன். அவள் வாயில் வரும் அந்த 'ரீ'யை மட்டும் விட்டுவிட மனசில்லை. மரியாதையும் ஒட்டுதலும் சேர்ந்த சொல் அது.

சுவருக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். காபிப்பொடி போகும், ரோஜாக் குச்சி வரும். எருவுக்குச் சாணி வாங்கினால் பாதிப் பாதி. அவ்வளவு நெருக்கம். ஆனால் ஒரு சங்கடம். அவர்கள் ஆசாரக் குடும்பம், வெங்காயம் பூண்டு வாசற்படி தாண்டாது. மாமியாருக்கு அதில் விட்டுக்கொடுப்பே கிடையாது.

துணிப்பையில் கிழங்குகளைக் கொண்டுபோய் நாகரத்னா கையில் கொடுத்தேன். மாமியார் எட்டிப் பார்த்தார்.

"ஈருள்ளி!" என்று ஒரு சத்தம். தேள் கொட்டினவர்கூட அப்படிக் கத்த மாட்டார். ஈருள்ளி என்றால் வெங்காயம்.

"ஈருள்ளி இல்ல அத்தே, ஹூவு. பூ வர்ற கிழங்கு" என்றாள் நாகரத்னா.

"பார்த்தா ஈருள்ளி மாதிரியே இருக்கே!"

"மோந்து பாருங்க."

மாமியார் தூரத்திலிருந்தே மோந்து பார்த்தார். நம்பவில்லை. மருமகள் விடவில்லை. "அவங்க என்னை நம்பிக் கேட்டிருக்காங்க. வேணும்னா கீழ் டப்பாவுல தனியா வைக்கறேன், நீங்க தொட வேண்டாம்" என்றாள். மாமியாரை எதிர்த்து அவள் குரல் உயர்ந்து நான் கேட்டது அன்றைக்குத்தான். காய்கறி எல்லாம் மேல் தட்டுக்கு ஏறியது. கீழ் டிராயர் முழுக்க என் கிழங்குக்கு. மாமியார் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனார்.

நல்லது செய்தவளை நல்லவள் என்று எழுதத்தான் வேண்டும். எழுதிவிட்டேன்.

நான் என் பக்கத்தில் சுவரோரமாகப் பாத்தி கட்டினேன். செம்மண்ணைச் சலித்து, மணல் கலந்து, மக்கின சாணியைப் போட்டு, தண்ணீர் தேங்காதபடி மேடாக்கி வைத்தேன். டிசம்பர் கடைசியில் நடலாம் என்று கணக்கு. நாகரத்னா சுவரில் கையூன்றி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொள்வாள். எத்தனை ஆழம், எந்தப் பக்கம் மேலே, எப்போது தண்ணீர் என்று ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறேன். என் வாய் இருக்கிறதே!

வாயைத் திறக்காமல் போன வழி

அந்த டிசம்பரில்தான் காவிரித் தண்ணீர்த் தகராறு தெருவுக்கு வந்தது. பெங்களூர்த் தமிழர்களுக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: தமிழ் பேசுகிற வீடு எது, கடை எது என்று தேடிக் கல்லெறிந்தார்கள், கொளுத்தினார்கள்.

என் வீட்டுக்காரருக்குப் பீன்யாவில் ஒரு ஃபேக்டரியில் வேலை. மத்தியானமே நடந்து வந்து சேர்ந்தார். பஸ் இல்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "கிளம்பு. ரெண்டு துணி எடுத்தா போதும்" என்றார். கதவில் இருந்த தமிழ்ப் பெயர்ப்பலகையை ஸ்க்ரூ டிரைவரால் கழற்றினார். தமிழ்க் காலண்டரைச் சுருட்டிப் பரணில் போட்டேன். ஏதோ திருட்டுச் சாமானை ஒளிப்பது மாதிரி.

"கிழங்கு அவங்க ஃபிரிட்ஜில் இருக்கு" என்றேன்.

"ஏண்டி, உசிருக்கு ஓடறோம், உனக்குக் கிழங்கா? இருக்கட்டும். கிணத்துத் தண்ணியை வெள்ளமா கொண்டு போயிடும்?"

மறுநாள் விடிந்தும் விடியாமல் நாகரத்னாவின் கணவர் தன் பழைய ஃபியட்டை எடுத்தார். கண்டோன்மென்ட் ஸ்டேஷன் வரைக்கும் கொண்டு விட்டார். "யாராவது நிறுத்தினா நான் பேசறேன். நீங்க ரெண்டு பேரும் வாயைத் திறக்காதீங்க" என்றார். நான் கன்னடம் பேசினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்று அத்தனை வருஷம் பீற்றிக்கொண்டிருந்தேன். அன்றைக்கு அந்த வாயைத்தான் மூடிக்கொள்ளச் சொன்னார்கள்.

கேட்டருகே நாகரத்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "வீட்டை நான் பாத்துக்கறேன் ரீ" என்றாள். பார்த்தும்கொண்டாள், அதையும் சொல்ல வேண்டும். இரண்டு நாள் கழித்து ஒரு கும்பல் வந்திருக்கிறது. எங்கள் வீட்டைக் காட்டி, தமிழர் வீடா என்று கேட்டிருக்கிறார்கள். இவள் தெருவில் இறங்கி நின்று, "காலி மாடிகொண்டு ஹோத்ரு. இன்னு வாபஸ் பரல்ல" என்று சொல்லியிருக்கிறாள். காலி செய்துவிட்டுப் போய்விட்டார்கள், இனி திரும்பி வரமாட்டார்கள் என்று அர்த்தம். நம்புவதற்கு அத்தாட்சியாக முந்தின நாளே அந்த வாடகை அட்டையை எழுதிக் கேட்டில் தொங்கவிட்டிருந்தாள். கும்பல் போய்விட்டது. ஒரு கண்ணாடிகூட உடையவில்லை.

அந்தத் தைரியம் எனக்கு வருமா? வராது.

எஸ்.டி.டி. பூத்

வாணியம்பாடியில் என் மாமனார் வீடு. நாலு நாளில் திரும்பிவிடலாம் என்றுதான் போனோம். போன இடத்தில் என் வீட்டுக்காரர் கண் மஞ்சளாகிப் படுத்துவிட்டார். கீழாநெல்லியும் மோரும் கஞ்சியுமாகப் பொங்கல் அங்கேயே போயிற்று. பட்ட காலிலேதானே படும். பள்ளிக்கூடத்தில் சம்பளமில்லாத லீவு.

ஜனவரி நடுவில் ஒருநாள் பூத்திலிருந்து நாகரத்னா வீட்டுக்குப் போன் போட்டேன். அவள்தான் எடுத்தாள்.

"எப்படி இருக்கு ரீ அங்கே? வரலாமா?"

"இப்ப வராதீங்க. இன்னும் முழுசா சரியாகல. நல்லா ஓய்வு எடுத்துட்டு மெதுவா வாங்க."

"என் கிழங்கு?"

ஒரு நொடி சத்தமில்லை. லைன் கோளாறு என்று நினைத்தேன்.

"பத்திரமா இருக்கு" என்றாள்.

இங்கே பெங்களூரில் பஸ் ஓடுகிறது, பள்ளிக்கூடம் நடக்கிறது, ஃபேக்டரி சங்கு ஊதுகிறது. ஊருக்குப் போன ஜனம் பாதி திரும்பி வந்தாயிற்று. எனக்குத் தெரியாது. அவளுக்குத் தெரியும்.

சுவருக்கு அந்தப் பக்கம்

சரி, கேட்டுக்கு வருகிறேன். சாவி கிடைத்து உள்ளே போனோம். தூசியைத் தவிர எதுவும் மாறவில்லை. தோட்டத்துப் பக்கம் போய்ப் பார்த்தேன். என் பாத்தி நான் விட்டுப்போனபடியே இருந்தது. மேல் மண் மட்டும் வெடித்துப்போயிருந்தது.

சத்தம் கேட்டு நாகரத்னா சுவரோரம் ஓடி வந்தாள். "வந்துட்டீங்களா! யப்பா, எத்தனை இளைச்சுப் போயிட்டாரு உங்க வீட்டுக்காரரு!" என்று கண் கலங்கினாள். நடிப்பில்லை. நான் பூவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"முளை விட்டிருச்சு ரீ ஃபிரிட்ஜிலேயே" என்றாள் அவளாகவே. "அழுகிப் போயிடுமேன்னு நட்டுட்டேன். நீங்க சொன்ன மாதிரியே நட்டேன். எப்படி வந்திருக்கு பாருங்க!"

"என் பாத்தி ரெடியா இருந்ததே" என்றேன்.

அவளுக்குப் புரியவில்லை.

"சுவரைத் தாண்டினா பாத்தி. மணல் போட்டு, எரு போட்டு வெச்சிட்டுப் போனேன். உங்க தோட்டத்துல புதுசா வெட்டி நட்டதுக்கு, என் பாத்தியில நட்டிருக்கலாமே நாகரத்னா?"

முகம் சிவந்தது. சுவரின் காரையை நகத்தால் சுரண்டினாள். பிறகு சொன்னாள், மெதுவாக, பொய் சொல்லத் தெரியாத மனுஷி சொல்கிற மாதிரி:

"நீங்க திரும்பி வருவீங்கன்னு நான் நினைக்கல ரீ."

கல்லெறிந்தவன் முகத்தை நான் பார்த்ததில்லை. அவன் மேல் எனக்கு இன்றைக்கும் பெரிய கோபமில்லை, அவன் யாரோ. இவள் என்னோடு காபி குடித்தவள். கும்பலிடம் சொன்ன பொய்யை இவளே நம்பிவிட்டாள். இத்தனைக்கும் நான் போன் செய்து வரட்டுமா என்று கேட்டிருக்கிறேன். ரேஷன் கார்டும் வேலையும் பாத்திரம் பண்டமும் இங்கே இருக்கிற ஒருத்தி எங்கே போய்விடுவாள்? ஆனால் தமிழ் பேசுகிறவள் என்றால் போனவள் போனவள்தான் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசித்துக்கூட அல்ல, தானாகவே தோன்றியிருக்கிறது. அதை நினைத்துத்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

அந்த அட்டையை நான்தான் அவிழ்த்தேன். கலவரம் அடங்கி இத்தனை நாளாகியும் அதை எடுக்க வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

தம்ளரில் மூன்று பூ

சாயந்திரம் எவர்சில்வர் தம்ளரில் மூன்று பூவை வைத்துக்கொண்டு வந்தாள். "உங்க பூ ரீ" என்றாள். பக்கத்துத் தெரு வரைக்கும் அந்தப் பூ போயிருக்கிறது என்று பிறகு தெரிந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! முதல் பூ சாமி படத்துக்காம். மாமியாரே பறித்து வைத்தாராம். அன்றைக்குக் கையைக் கழுவிக்கொண்ட அதே மாமியார்.

வாங்கிக்கொண்டேன். தேங்க்ஸ் சொன்னேன். என்ன செய்ய? இருக்கிற வீடு அவள் காப்பாற்றிக் கொடுத்தது.

"என்னடி உம்முன்னு இருக்க?" என்றார் வீட்டுக்காரர். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அந்தம்மா இல்லேன்னா இன்னிக்கு நமக்குக் கூரை இல்லை. நாலு வெங்காயத்துக்கு மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்க! உப்பிட்டவங்களை உள்ளளவும் நினைக்கணும்."

"நினைக்கிறேன். அதனாலதான் வாயை மூடிட்டிருக்கேன்."

பேப்பரை விரித்தேன், பென்சிலைச் சீவினேன், தம்ளரை எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. அந்த வாண்டிடம் நான் சொன்னது தப்பு. மூன்றாம் நாள் பூ நனைந்த காகிதம் மாதிரி சுருங்கிவிட்டது. தம்ளரைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

கோடையில் இலை காய்ந்ததும் கிழங்கைத் தோண்டி, என் துணிப்பையிலேயே போட்டுக் கொண்டுவந்து கொடுத்தாள். எல்லாம் பிரிந்து குட்டிக் குட்டிக் கிழங்காக இருந்தது. பெங்களூர்ச் சூட்டில் ஐரிஸ் ஒரு தடவைதான் பூக்கும். மறு வருஷத்துக்கு மலையிலிருந்து புதுசாகத்தான் வரவழைக்க வேண்டும். தெரிந்தும் நட்டேன். புல் மாதிரி இலை வந்தது, அவ்வளவுதான்.

அடுத்த தீபாவளிக்கு அவர் ஃபிரிட்ஜ் வாங்கினார். புதுக் கிழங்கு வரவழைத்தேன், பூத்தது, வரைந்தேன். புத்தகப் படத்தைவிட மோசமாக வந்தது. ஏழாம் வகுப்புக்குக் கரும்பலகையில் பழையபடி போட்டுவிட்டேன்.

ஹாலில் பெட்டிகள்

பிறகு பத்துப் பன்னிரண்டு வருஷம் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தோம். சண்டை ஒருநாளும் போட்டதில்லை. காபிப்பொடி போனது, ரோஜாக் குச்சி வந்தது. பார்க்கிறவர்களுக்கு அப்படியே இருந்தோம்.

மல்லேஸ்வரத்தில் வீட்டுக்கு ஒரு பிள்ளை அமெரிக்கா போன காலம் வந்தது. அவள் பிள்ளையும் போனான். மருமகளுக்குப் பிரசவம் என்று இவளைக் கூப்பிட்டான். முதல் விமானப் பயணம், ஆறு மாசம். ஹாலில் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அழுதாள். மாமியார் காலமாகியிருந்தார். தோட்டத்துத் தொட்டிகளை என்னிடம் ஒப்படைத்தாள். ஆந்தூரியம், ரோஜா, ஒரு பிரம்ம கமலம்.

"எனக்கு என்னமோ பயமா இருக்கு ரீ. அங்கேயே ஏதாவது ஆயிட்டா? நான் வராம போயிட்டா இதெல்லாம் நீங்களே வெச்சுக்கோங்க" என்றாள்.

"நீங்க வருவீங்க நாகரத்னா" என்றேன். "அதுவரைக்கும் உங்க செடி உங்க செடிதான்."

அடித்துச் சொல்கிற மாதிரி சொன்னேன். உள்ளே கொதிப்பு. அந்த ஒரு வார்த்தையை இவள் எனக்காகத் தன் மனசுக்குள்ளேயாவது சொல்லிக்கொண்டிருந்தால் என் பாத்தி வெடித்துக் கிடந்திருக்காது. அவளுக்கு உறைக்கும் என்று நினைத்தேன்.

அவள் எழுந்து வந்து என்னைக் கட்டிக்கொண்டாள். "யாருமே இப்படிச் சொல்லல ரீ, பெத்த பிள்ளைகூடச் சொல்லல" என்று என் தோளில் முகத்தை வைத்து விசும்பினாள். நான் மரம் மாதிரி நின்றேன். கையைத் தூக்கி அவள் முதுகில் வைக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.